கொழுந்துக் கணக்கும் டோக்கனும்: ஒரு மடுவத்து ஏபிஐ-யைப் பூட்டிய கதை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரே ஒரு டிவிஷனில் மட்டும், கொழுந்து நிறுவையை போனில் பதியும் சின்ன சிஸ்டம் ஒன்று ஓடுகிறது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். எழுதிய பிள்ளைகள் அதே லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள்தான், கம்பஸ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் எழுதினார்கள், இப்போது கொழும்பில் வேலை. சிஸ்டமும் பிரச்சினை இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சண்டை வரும்வரை.

சண்டை தீபாவளி அட்வான்ஸைப் பற்றியது. யார் எவ்வளவு எடுத்தார்கள், இன்னும் எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கிறது என்பது லயத்தில் வெளியே பேசுகிற விடயம் இல்லை. அது எப்படியோ வெளியே வந்துவிட்டது. விசாரித்தால், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பையன் தன் அம்மாவின் கணக்கை போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது முகவரியில் இருந்த 214 என்ற எண்ணை 215 என்று மாற்றியிருக்கிறான். பக்கத்து வீட்டு அக்காவின் கிலோ, கழிவு (நிறையில் வெட்டியது), அட்வான்ஸ் பாக்கி எல்லாம் வந்து நின்றது. என்னைக் கூப்பிட்டது கணக்கப்பிள்ளை. போய்ப் பையனிடம் பேசினேன். "ஹேக் ஒன்னும் பண்ணலண்ணே, நம்பரை மாத்தினேன், அவ்வளவுதான்" என்றான். உண்மைதான், அதற்கு மேல் அவன் எதுவும் செய்யவில்லை, செய்யத் தேவையும் இருக்கவில்லை.

இந்த வகை ஓட்டை உலகம் முழுக்கத் தெரிந்ததுதான். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் ஏபிஐ (போன் சேவரிடம் தரவு கேட்கும் வாசல்) பாதுகாப்புப் பட்டியலில் 2019-இலும் முதலிடம், 2023-இலும் முதலிடம்: வந்த ஆள் யார் என்று தெரிந்தும், அவர் கேட்கிற பொருள் அவருடையதா என்று பார்க்காமல் விடுவது. சரி, அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டுப் போய்விடலாம் என்றுதான் கோடை (நிரலை) திறந்தேன். திறந்தபிறகு தெரிந்தது, பையன் கண்டுபிடித்தது மேலே தெரிந்த ஓட்டை மட்டும்தான் என்று.

மடுவத்தில் என்ன இருக்கிறது

ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை, அங்கே டிஜிட்டல் தராசு, கணக்கப்பிள்ளையின் கையில் அண்ட்ரொயிட் போன். மடுவம் இருப்பது பள்ளத்தில், சிக்னல் கிடையாது. அதனால் அங்கே ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றை (இனி வெறும் "பை") வைத்து, அதன் வைஃபையில் போன் இணைந்து நிறையை எழுதும், சிக்னல் உள்ள இடத்துக்கு அந்தப் பையை எடுத்துப்போகும் நேரத்தில், அதாவது மாலையில் ஆபீசில், அது இணையத்திலுள்ள முகில் சேவரோடு பேசிக் கணக்கை ஒப்புவிக்கும். தொழிலாளர்கள் தங்கள் கணக்கை மடுவத்து வைஃபையிலும் பார்க்கலாம், லயத்துக்கு மேலே ஒரு கோடு சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று நேரடியாக சேவரிலும் பார்க்கலாம். எல்லாம் பைதன் மொழி, ஃபிளாஸ்க் வெப் கட்டமைப்பு, போஸ்ட்கிரஸ் தரவுத்தளம்.

இணையம் இல்லாத இடத்தில் டோக்கனை (வந்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் சீட்டு) சரிபார்க்க வேண்டும் என்பதுதான் இந்தச் சிஸ்டத்தின் முடிச்சு. "இந்த டோக்கன் செல்லுமா" என்று ஒவ்வொரு தடவையும் சேவரிடம் கேட்கும் முறை ஒன்று உண்டு, 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7662 என்ற இணையத் தர ஆவணம் அதைத்தான் சொல்கிறது. பள்ளத்தில் அது வேலைக்காகாது. ஆகவே ஜேடபிள்யூடி என்ற வகை, கையெழுத்திட்ட டோக்கன்: சேவர் தன் இரகசியச் சாவியால் கையெழுத்திடும், பை தன்னிடமுள்ள பொதுச் சாவியால் அந்தக் கையெழுத்தைப் பார்க்கும். மடுவத்திலிருந்து பையை யாராவது கழற்றிக்கொண்டு போனாலும் அதை வைத்துப் புது டோக்கன் போட முடியாது. பிள்ளைகள் இதைச் சரியாகவே யோசித்திருந்தார்கள். ஆர்எஸ்256 என்ற கையெழுத்து முறை, சாவிகள் தனித்தனி. வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இன்ஸ்டோலில் தொடங்கிய ஓட்டை

பையில் இருந்த கோடில் டோக்கனைப் பிரிக்கும் இடத்தில் ஒரு ஒப்ஷன் போட்டிருந்தது: கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டாம் என்று. அதாவது யார் வேண்டுமானாலும் தன் கையால் ஒரு டோக்கன் எழுதி, "நான்தான் கணக்கப்பிள்ளை" என்று போட்டு அனுப்பினால் பை ஏற்றுக்கொள்ளும். நிறையைக் கூட்டலாம், குறைக்கலாம். யாரும் செய்யவில்லை, செய்ய முடியும் என்று யாருக்கும் தெரியாததால்.

ஏன் இப்படி? கொமிட் வரலாற்றை (கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற பதிவை) பார்த்தபோது காரணம் தெளிவாகவே கிடந்தது. டோக்கனைக் கையாளும் பைஜேடபிள்யூடி லைப்ரரியை மட்டும் பிப்பில் (பைதனுக்கு லைப்ரரி இறக்கும் கருவி) போட்டால், ஒரே இரகசியத்தால் கையெழுத்திட்டுச் சரிபார்க்கும் எச்எஸ்256 வேலை செய்யும், ஆர்எஸ்256 வேலை செய்யாது. அதற்கு கிரிப்டோகிராஃபி என்ற இன்னொரு பேக்கேஜும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த அல்கொரிதத்தைக் காணவில்லை, கிரிப்டோகிராஃபி இன்ஸ்டோல் ஆகியிருக்கிறதா என்று கேட்டு நின்றுவிடும். கிரிப்டோகிராஃபியின் உள்ளே 2021-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து ரஸ்ட் மொழி இருக்கிறது. தயாராகக் கட்டிய வீல் கோப்பு கிடைத்தால் பிரச்சினை இல்லை. பழைய பிப்பாக இருந்து அந்த வீலை அடையாளம் காணத் தெரியாவிட்டால், அது மூலக்கோடை இறக்கி பையிலேயே கட்டத் தொடங்கும், ரஸ்ட் இல்லை என்று கத்தும், நின்றுவிடும். அரைகுறை சிக்னலில், இரவில், நாளைக் காலை நிறுவைக்குள் ஓட வேண்டும் என்ற அவசரத்தில், இணையத்தில் எங்கோ கிடைத்த பதிலைப் பார்த்துச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டிருக்கிறார்கள். கொமிட் செய்தியில் "தற்காலிகம்" என்றும் எழுதியிருந்தது. தற்காலிகம் என்று எழுதியவை எத்தனை நாள் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சேவரில் வேறு கூத்து. பைஜேடபிள்யூடியை இன்ஸ்டோல் செய்யும் பெயர் ஒன்று, கோடில் இம்போர்ட் செய்யும் பெயர் வெறும் ஜேடபிள்யூடி. பிப்பில் வெறும் ஜேடபிள்யூடி என்ற பெயரிலேயே வேறொருவர் எழுதிய வேறொரு லைப்ரரியும் இருக்கிறது. அதுவும் அதே பெயரில்தான் இம்போர்ட் ஆகும். இரண்டையும் போட்டால் இரண்டும் ஒரே ஃபோல்டருக்குள் ஒன்றின்மேல் ஒன்று எழுதும். என்கோட் என்ற ஒன்றே இந்த மொடியூலில் இல்லை என்று எரர் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றதும் உடைந்துபோகும், இரண்டையும் நீக்கிவிட்டுத் தேவையானதை மறுபடி போட வேண்டும். இங்கே இரண்டும் இருந்தன, எது கடைசியாகப் போடப்பட்டதோ அதன் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பு எண் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

மடுவத்தில் நின்று டவுன்லோட் செய்வதை நான் விட்டுவிட்டேன். ஹட்டனில் நல்ல இணைப்பில் உட்கார்ந்து, பிப் டவுன்லோட் கட்டளைக்கு எந்த மெஷின், எந்தப் பைதன் பதிப்பு என்று சொல்லி (பை 64 பிட், பைதன் 3.11), வீல் மட்டும்தான் வேண்டும், மூலக்கோடு வேண்டாம் என்று கட்டாயப்படுத்தி, எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் இறக்கிக்கொண்டு போனேன். இதைச் சொல்லாமல் விண்டோஸ் லெப்டொப்பில் இறக்கினால் விண்டோஸ் வீல்தான் வரும், மடுவத்தில் போய் நின்றபிறகுதான் தெரியும். பையில் முதலில் தனி விர்ச்சுவல் என்வயர்மென்ட். ராஸ்பெரி பையின் புத்தகப்புழு பதிப்பு, புக்வோர்ம் என்கிறார்களே அது, சிஸ்டம் பைதனில் நேரடியாகப் பிப் போட விடாது, விடாதது நல்லதுதான். அப்புறம் இணையத்தைப் பார்க்காதே, இந்த ஃபோல்டரில் மட்டும் தேடு என்று சொல்லி இன்ஸ்டோல். ஒவ்வொரு கோப்புக்கும் ஹேஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் ரேகை) எழுதிய ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு. பள்ளத்தில் முதல் தடவையிலேயே சத்தமில்லாமல் முடிந்தது.

ஆத்லிப்

கையெழுத்துப் பார்ப்பது, ஸ்கோப் (எதற்கெல்லாம் அனுமதி என்பது) பார்ப்பது, 401 (நீ யாரென்று தெரியவில்லை) அனுப்புவதா 403 (தெரியும், ஆனால் அனுமதியில்லை) அனுப்புவதா என்று முடிவு செய்வது, இவை எல்லாம் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் கையால் எழுதப்பட்டிருந்தன, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறு மாதிரி. அதனால் ஆத்லிப் என்ற பைதன் லைப்ரரிக்கு மாற்றினேன். ஃபிளாஸ்க்கோடு நேரடியாகச் சேரும், கிரிப்டோகிராஃபியைத் தானே இழுத்துக்கொள்ளும், ஆகவே மேலே சொன்ன அரைகுறை இன்ஸ்டோலுக்கு இடமில்லை. ரிசோர்ஸ் புரொடெக்டர் என்று ஒரு பொருளை உருவாக்கி, அதில் நம் டோக்கன் வெலிடேட்டரைப் பதிந்துவிட்டு, ஒவ்வொரு முகவரிக்கும் மேலே ஒரு டெக்கரேட்டர் வரி: இந்த முகவரிக்கு இந்த ஸ்கோப் வேண்டும். அவ்வளவுதான் கோடு.

இதில் ஒரு குழி இருக்கிறது, பைஜேடபிள்யூடியில் பழகிய கை நேராகப் போய் விழும் குழி. பைஜேடபிள்யூடி டீகோட் செய்யும்போதே காலாவதியையும் பார்த்துவிடும். ஆத்லிப்பின் டீகோட் கையெழுத்தை மட்டும்தான் பார்க்கும், காலாவதி, வழங்கியவர், யாருக்காக வழங்கப்பட்டது என்பதையெல்லாம் பார்க்க, கிடைத்த கிளெய்ம்ஸ் (டோக்கனுக்குள் எழுதியிருக்கும் விவரங்கள்) மீது வெலிடேட் என்று தனியாக அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் எரர் வராது. போன வருடத்து டோக்கனும் ஜம்மென்று உள்ளே வரும். கோடு பார்ப்பதற்கு முன்பைவிட அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. காலாவதியான டோக்கனுக்கு 401 வர வேண்டும் என்ற டெஸ்டை மாற்றத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதை எழுதாவிட்டாலும்.

அல்கொரிதத்தையும் பூட்ட வேண்டும். டோக்கனின் தலைப்பகுதியில் எந்த அல்கொரிதம் என்று டோக்கனே சொல்லும், அதை அப்படியே நம்பினால் கதை முடிந்தது. "அல்கொரிதம் எதுவுமில்லை" என்று எழுதி அனுப்பும் தந்திரம் 2015-இலேயே வெளிச்சத்துக்கு வந்தது. இன்னொன்று நுணுக்கமானது: பொதுச் சாவி எல்லோருக்கும் கிடைக்கும்தானே, அதையே எச்எஸ்256-க்கு இரகசியமாக வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது. சரிபார்க்கும் பக்கம் ஏமாந்தால் தன் பொதுச் சாவியால் அதைச் சரி என்று சொல்லிவிடும். பைஜேடபிள்யூடியில் இப்படிப்பட்ட குறை 2022-இல் 2.4.0 பதிப்பில் திருத்தப்பட்டது, ஆத்லிப்பில் 2024-இல் 1.3.1 பதிப்பில். ஆகவே பதிப்பு அதற்கு மேலே, அத்தோடு ஆர்எஸ்256 தவிர வேறெதையும் ஏற்காதே என்று வெளிப்படையாக எழுதிய ஒரு வரி. இரண்டும் வேண்டும்.

மடுவத்து வைஃபையில் எல்லாம் மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபியில் போய்க்கொண்டிருந்தது. இந்த வகை டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம், கேட்டவர் யார் என்று அது பார்க்காது, அதனால்தான் 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6750, டிஎல்எஸ் என்ற மறையாக்கம் கட்டாயம் என்கிறது. ஒரு டொமைன் பெயருக்கு லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ், டிஎன்எஸ் வழியாகச் சேவரில் எடுத்து, மாலை ஒப்புவிக்கும்போது பைக்கு இறக்குவது. அந்தப் பெயரை மடுவத்துக்குள் பையே தன் முகவரிக்குத் திருப்பிவிடும். போனில் எந்த எச்சரிக்கையும் வராது.

கரண்ட் போனால் நேரமும் போகும்

இதை எந்த வழிகாட்டியிலும் பெரிதாகப் போட மாட்டார்கள், மலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ராஸ்பெரி பை 4-இல் பற்றரி போட்ட கடிகாரம் கிடையாது (பை 5-இல்தான் வந்தது). கரண்ட் போய் வந்தால், இணையமும் இல்லாவிட்டால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். மழைக்காலத்தில் விடியுமுன் மின்வெட்டு வந்துவிட்டு மத்தியானம் கரண்ட் வந்தால் பைக்கு இன்னும் விடியவில்லை. காலை பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன் ஆபீசில் எடுத்த கணக்கப்பிள்ளையின் டோக்கன் "எதிர்காலத்தில் வழங்கப்பட்டது" என்று நிராகரிக்கப்படும். அவர் தராசுக்குப் பக்கத்தில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருப்பார், கூடையோடு வரிசை நீளும். இது தொல்லை. பாதுகாப்புப் பிரச்சினை அதற்கு மறுபக்கம்: நேரம் பின்தங்கியிருக்கும் பைக்கு, காலாவதியான டோக்கன் உயிரோடு இருப்பதாகத்தான் தெரியும்.

ஒரு நிமிட விட்டுக்கொடுப்பு வைக்கலாம், லைப்ரரியில் அதற்கு இடம் உண்டு. மணிக்கணக்கில் விட்டுக்கொடுத்தால் காலாவதி என்பதற்கே அர்த்தமில்லை. டிஎஸ்3231 என்று ஒரு சின்ன கடிகாரச் சில்லு, ஒரு பட்டன் பற்றரியோடு, பையின் பின்களில் செருகினால் முடிந்தது. சொஃப்ட்வெயாரில் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் இதற்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

யாருடைய வரி

இவ்வளவும் செய்து முடித்தபிறகும் 214-ஐ 215 ஆக்கினால் பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கு வந்தது. வரத்தானே செய்யும். பதுளை ரயிலில் டிக்கெட் அசலா என்று பார்ப்பது வேறு, அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் சீட் அவருடையதா என்று பார்ப்பது வேறு. லைப்ரரி முதலாவதைத்தான் செய்யும். இரண்டாவதைச் செய்ய அதற்கு நம் டிவிஷனும் தெரியாது, பேர் நம்பரும் தெரியாது. அதை நாம்தான் எழுத வேண்டும், நன்றாக இன்ஸ்டோல் ஆன லைப்ரரி இருக்கிறது என்ற நிம்மதியில்தான் பெரும்பாலும் எழுதப்படாமல் போகிறது.

தொழிலாளியின் முகவரியிலிருந்து எண்ணையே எடுத்துவிட்டேன். "என் நிறை" என்று ஒரே முகவரி, யார் என்பது டோக்கனில் ஆளின் அடையாளத்தைச் சொல்லும் சப் என்ற கிளெய்மிலிருந்து மட்டும். மாற்றிப் பார்க்க எண் இருந்தால்தானே. கணக்கப்பிள்ளைக்கு எண் தேவைப்படுகிறது, அங்கே டோக்கனில் உள்ள டிவிஷனும் தொழிலாளியின் டிவிஷனும் ஒன்றா என்பது தரவுத்தளக் கேள்வியிலேயே சேர்க்கப்பட்டது, எடுத்த பிறகு பார்ப்பதில்லை, எடுக்கும்போதே. பொருந்தாவிட்டால் 403 இல்லை, 404 (அப்படி ஒன்றே இல்லை). அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்ற தகவலும் போக வேண்டாம். அட்வான்ஸ் தனி ஸ்கோப், கணக்கப்பிள்ளைக்கு அது கிடையாது. அவருக்கு நிறை எழுதத்தானே வேலை. "அது எனக்கும் வேணாந்தான் தம்பி, தெரிஞ்சா ஆளுக்காள் வந்து கேட்பாங்க" என்று அவரே சொன்னார்.

நிறையைத் திருத்தும் முகவரி இன்னொரு கதை. ஈரக் கொழுந்து, கூடை, சாக்கு என்று கழிவு வெட்டுவது தோட்டத்தில் பழைய தகராறு, அதில் யார் கை வைக்கலாம் என்பது சும்மா விடயமில்லை. பழைய கோடில் அந்த பட்டன் தொழிலாளியின் திரையில் மறைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான் காவல். சேவர் பக்கத்தில் யார் கேட்டாலும் திருத்திக் கொடுக்கும். இப்போது அதற்குத் தனி ஸ்கோப், ஃபீல்ட் ஒஃபிசருக்கு மட்டும், அதுவும் பழைய எண்ணை அழிக்காமல் புது வரியாக எழுதும், யார், எப்போது, எத்தனை கிலோ வெட்டினார் என்பது தொழிலாளியின் திரையிலும் தெரியும். இதற்குச் சின்ன முணுமுணுப்பு வந்தது, ஆபீஸ் பக்கத்திலிருந்து. ஆனாலும் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அதற்குக் கீழே போஸ்ட்கிரஸின் வரிசை மட்டப் பாதுகாப்பு, 9.5 பதிப்பிலிருந்து இருப்பது. நாளைக்கு யாராவது புது முகவரி எழுதி டெக்கரேட்டரை மறந்தாலும் தரவுத்தளம் மற்றவர் வரியைக் கொடுக்காது. இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். டேபிளின் சொந்தக்காரராகவே அப்ளிகேஷன் நுழைந்தால் இந்தப் பாதுகாப்பு பேசாமல் ஒதுங்கிவிடும், ஃபோர்ஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டும், அல்லது அப்ளிகேஷனுக்கு வேறு யூசர் கொடுக்க வேண்டும், இரண்டையும் செய்தால் நல்லது. அடுத்தது, யாருக்காகக் கேட்கிறோம் என்ற மதிப்பை அந்த டிரான்ஸாக்ஷனுக்குள் மட்டும் வைக்க வேண்டும். இணைப்புகளை மாறிமாறிப் பயன்படுத்தும் பூல் இருந்தால், முந்தைய ஆளின் பெயர் அப்படியே தங்கி அடுத்தவருக்குப் போய்விடும்.

டெஸ்டுகளில் உருப்படியானது ஒன்றே ஒன்று. இரண்டு கற்பனைத் தொழிலாளிகள், வேறு வேறு டிவிஷன். அப்ளிகேஷனில் உள்ள எல்லா முகவரிகளையும் ஃபிளாஸ்க்கிடமே பட்டியல் வாங்கி, ஒருவரின் டோக்கனால் மற்றவரின் பொருளைக் கேட்பது, டோக்கனே இல்லாமலும் கேட்பது. எங்காவது 200 (சரி என்ற பதில்) வந்தால் டெஸ்ட் விழும். புது முகவரி சேர்த்தால் தானாகவே பட்டியலில் வந்துவிடும், யாரும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பையனை உட்கார வைத்து அவன் கையாலேயும் முயற்சி செய்யச் சொன்னேன். எண் இல்லாத முகவரியைப் பார்த்து முகம் சுருங்கியது, பிறகு கணக்கப்பிள்ளையின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். இந்த வயதில் இந்தக் குணம் நல்லது.

இன்னும் மிச்சம் உள்ளவை

தொழிலாளியின் டோக்கன் 15 நிமிடம், முடிந்தால் புதியதை வாங்கித் தரும் ரிஃப்ரெஷ் டோக்கனோடு. கணக்கப்பிள்ளையுடையது அப்படி வைக்க முடியாது, பகல் முழுக்கப் பள்ளத்தில் நிற்பவருக்கு 12 மணி நேரம் கொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய போன் காலையில் தொலைந்தால், சேவரில் டோக்கனை இரத்து செய்தாலும் பைக்கு மாலையில் ஒப்புவிக்கும்வரை தெரியாது. இரத்தானவற்றின் பட்டியல் அப்போதுதான் இறங்கும். ஆபீசில் இதைச் சொல்லி எழுத்தில் வாங்கியிருக்கிறேன்: போன் தொலைந்தால் யாராவது மடுவத்துக்குப் போய்ப் பையின் வைஃபையை நிறுத்துவது, அன்றைக்கு மட்டும் கொப்பியில் எழுதுவது.

லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன். அம்மாவின் கணக்கை மகன்தான் திறந்து காட்டுகிறான், அந்தப் போனில் சிஸ்டத்தைப் பொறுத்தவரை மகன்தான் அம்மா. இதற்கு லைப்ரரியில் வழி இல்லை. இப்போதைக்கு நிறை நேரடியாகத் தெரியும், அட்வான்ஸ் பாக்கியைப் பார்க்க மட்டும் அவருடைய பின் நம்பரை மறுபடி கேட்கும். சிலர் பின்னையும் மகனிடமே சொல்லி வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஆபீசில் எடுத்துக் காட்டினேன், தலையாட்டினார்கள். பின் நம்பர் விடயத்தை ஒத்துக்கொள்ள வைத்தது என்னவோ பீலிக்கரைச் சண்டைதான்.

சாவியை மாற்றுவது இன்னும் கையால்தான் நடக்கிறது. டோக்கனில் சாவி அடையாளம் போட்டாயிற்று, பையும் இரண்டு பொதுச் சாவிகளை ஒரே நேரத்தில் வைத்திருக்கத் தெரிந்துகொண்டது, ஆனால் புதுச் சாவி வந்ததும் பழையதை எப்போது தூக்குவது என்பதை யாராவது பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. கொழும்பில் உள்ள பிள்ளைகளில் ஒருவர் அதைத் தான் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.